கணினிக்கு முன் ஒரு படிவம்

நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அவசரப் பிரிவுக்கு வருகிறார். குடல்வால் அழற்சியாக இருந்தால் சீக்கிரம் அறுவை செய்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவிவிடும். தானாக அடங்கிப்போகும் வலியாக இருந்தாலோ அறுவை வீண். நன்றாக இருக்கும் வயிற்றைத் திறந்து மூடியதாகத்தான் முடியும். அந்த நேரத்தில் டியூட்டியில் இருப்பவர் பெரும்பாலும் இளம் டாக்டர். 1960களின் கடைசியில் அல்ட்ராசவுண்டோ சி.டி. ஸ்கேனோ அவருக்குத் துணை இல்லை. நோயாளி சொல்வதும், வயிற்றை அழுத்திப் பார்க்கும் தன் விரல்களும், அதுவரை பார்த்த நோயாளிகளின் நினைவும்தான் அவர் கைவசம் இருந்தவை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்ற அறுவைசிகிச்சைத் துறை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்தச் சிக்கலைக் கணினியிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1972 ஏப்ரலில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர்களின் கட்டுரை வெளிவந்தது. திடீர் வயிற்றுவலியோடு வந்த 304 நோயாளிகளில், அவர்களைப் பார்த்தவர்களுள் மூத்த மருத்துவரின் கணிப்பு 79.6 சதவீதம் சரியாக இருந்தது. கணினியின் கணிப்பு 91.8 சதவீதம் சரியாக இருந்தது.

இந்த இரண்டு எண்களும் அன்றுமுதல் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுகின்றன. கணினி மருத்துவரை வென்றது என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடவும் அவை வசதியாக இருக்கின்றன. ஆனால் அதே குழு அடுத்தடுத்து வெளியிட்ட கட்டுரைகளையும் சேர்த்துப் படித்தால் இதைவிடப் பயனுள்ள செய்தி கிடைக்கிறது. மருத்துவமனையோ வங்கியோ அரசுத் துறையோ, கணினியின் துணையோடு நல்ல முடிவெடுக்க விரும்பும் எந்த அமைப்பும் லீட்ஸில் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அங்கே முடிவுகள் மேம்பட்டதற்கு இயந்திரத்தின் விடை ஒரு காரணம்தான். கேள்விகளை ஒரே சீராகக் கேட்டதும், ஒவ்வொரு நோயாளிக்கும் கடைசியில் என்ன ஆனது என்று பின்தொடர்ந்து பதிந்ததும் அதற்குக் குறையாத காரணங்கள்.

முதலில் அந்தக் கணினி என்ன செய்தது என்று பார்ப்போம். நோய்களை ஏழு வகையாகப் பிரித்துக்கொண்டார்கள்: குடல்வால் அழற்சி, பித்தப்பை அழற்சி, கணைய அழற்சி, சிறுகுடல் அடைப்பு, முன்சிறுகுடல் புண்ணில் ஓட்டை விழுதல், பெருங்குடலில் தோன்றும் பைகளின் அழற்சி, இவை எதிலும் அடங்காத, குறிப்பான காரணம் இல்லாத வயிற்றுவலி. ஏற்கெனவே வந்துபோன நோயாளிகளின் பதிவுகளிலிருந்து, இன்ன நோயில் இன்ன அறிகுறி நூற்றில் எத்தனை பேருக்கு இருந்தது என்ற அட்டவணையைத் தயாரித்தார்கள். புதிய நோயாளியின் அறிகுறிகள் வந்ததும், பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரியார் தாமஸ் பேயஸின் பெயரால் வழங்கும் நிகழ்தகவு விதிப்படி கணினி பெருக்கிச் சொல்லும்.

அந்தப் பெருக்கலை எண்களோடு ஒருமுறை செய்து பார்த்துவிடலாம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, லீட்ஸ் அட்டவணையில் உள்ளவை அல்ல. வருபவர்களில் குடல்வால் அழற்சிக்காரர் ஒருவர் என்றால், காரணமற்ற வலிக்காரர் இருவர் என்று கொள்வோம். மற்ற நோய்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம். தொடக்கத்தில் விகிதம் ஒன்றுக்கு இரண்டு. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி பிறகு வலது அடிவயிற்றுக்கு இறங்கியதா? குடல்வால் அழற்சியில் நூற்றுக்கு 70 பேருக்கு அப்படி, காரணமற்ற வலியில் 20 பேருக்கு என்றால், 'ஆம்' என்ற விடை குடல்வாலின் பக்கத்தை மூன்றரை மடங்கு பெருக்குகிறது. விகிதம் மூன்றரைக்கு இரண்டு. வயிற்றை அழுத்திச் சட்டென்று கையை எடுக்கும்போது வலி சுரீரென்கிறதா? அதில் 60, இதில் 15 என்றால் இன்னும் நான்கு மடங்கு. இப்போது ஏழுக்கு ஒன்று. கத்தியைக் கையில் எடுத்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் நோயாளிக்கு நன்றாகப் பசிக்கிறது. குடல்வால் அழற்சியில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கே பசி இருக்கும், மற்றதில் ஐம்பது பேருக்கு என்றால், ஏழு என்பது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி விகிதம் 1.4க்கு ஒன்றாகிறது. அவசரப்படாமல் சில மணி நேரம் கழித்து மீண்டும் பார்ப்பது நல்லது என்ற நிலை.

முதல் இரண்டு அறிகுறிகளோடு மனம் முடிவு கட்டிவிட்டால் மூன்றாவது அறிகுறி காதில் விழுந்தும் விழாததுபோல் போய்விடும். இது எல்லா மனிதர்களுக்கும் உள்ள இயல்பு. கணினிக்கு அந்த அவசரம் இல்லை. எல்லா அறிகுறிகளையும் அதனதன் எடைக்கு ஏற்பக் கூட்டும். அறிகுறிகள் ஒன்றையொன்று சாராதவை என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. மருத்துவத்தில் அது உண்மையல்ல என்பது குழுவினருக்கும் தெரியும். அப்படி இருந்தும் கணக்கு நன்றாகவே வேலை செய்தது.

ஆனால் வயிற்றை அழுத்திப் பார்த்தது டாக்டரின் கை. வலி எங்கே தொடங்கியது என்று பொறுமையாகக் கேட்டு வாங்கியதும் அவர்தான். கணினி எடுத்துக்கொண்ட பங்கு கூட்டலும் பெருக்கலும் மட்டுமே. அந்தப் பங்கைச் செய்யவும் அதற்கு ஒழுங்கான தகவல் தேவைப்பட்டது. அதற்காக ஒரு படிவம் வந்தது. வலி எந்த இடத்தில், எவ்வளவு நேரமாக, விட்டுவிட்டு வருகிறதா, எது கூட்டுகிறது, எது தணிக்கிறது, வாந்தி உண்டா, முன்பு அறுவை நடந்திருக்கிறதா என்று ஒன்றுவிடாமல் கேட்டுக் குறிக்க வேண்டிய படிவம். ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை வேண்டியிருந்தது. வயிறு விறைப்பாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் எழுதுவதை இன்னொருவர் எழுதாமல் விடலாம். இரண்டு பேரும் ஒரே பொருளில் எழுதினால்தான் அந்தப் பதிவை அட்டவணையில் சேர்க்க முடியும். கேஸ் ஷீட்டில் மனம்போனபடி எழுதிப் பழகியவர்களை இந்த ஒழுங்குக்குக் கொண்டுவந்ததுதான் அந்தக் குழுவின் பெரிய உழைப்பு என்று எனக்குப் படுகிறது.

அதே 1972இல் அவர்கள் இன்னொரு சோதனையையும் வெளியிட்டார்கள். அட்டவணைக்காக நூற்றுக்கணக்கான பழைய நோயாளிகளின் பதிவுகளைத் திரட்டுவது பெரும்பாடு. அனுபவமுள்ள மருத்துவர்களையே கேட்டு, இந்த நோயில் இந்த அறிகுறி நூற்றுக்கு எத்தனை பேருக்கு இருக்கும் என்ற மதிப்பீடுகளை வாங்கி அட்டவணையை நிரப்பினால் என்ன? நிரப்பிப் பார்த்தார்கள். கணினியின் துல்லியம் கணிசமாக இறங்கியது. மருத்துவர்களின் மனத்தில் இருந்த விழுக்காடுகள் வார்டில் உண்மையாக நடந்ததோடு ஒத்துப்போகவில்லை. பாடப்புத்தகத்தில் படித்த எடுப்பான நோய் நினைவில் பெரிதாக நிற்கிறது, தினமும் வரும் மங்கலான நோய் நிற்பதில்லை. எந்த அலுவலகத்தில் கணினியின் துணையோடு முடிவெடுக்க உதவும் 'முடிவுத் துணை அமைப்பை' நிறுவும்போதும், நம் மேலாளர்களின் அனுபவத்தையே விதிகளாக எழுதிவிடலாம் என்று யாராவது சொல்வதுண்டு. அப்படிச் சொல்பவர்கள் இந்தச் சிறிய சோதனையைப் படிக்க வேண்டும். அனுபவம் மதிப்புள்ளதுதான், ஆனால் அது எண்ணி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது கண்டுபிடிப்பு 1974இல் வந்தது. எனக்கு இதுவே மிக முக்கியமானதாகத் தெரிகிறது. சோதனை நடந்த மாதங்களில் மருத்துவர்களின் சொந்தக் கணிப்பே, கணினியின் விடையைப் பார்க்காமல் சொன்ன கணிப்பே, மேம்பட்டுக்கொண்டு வந்தது. சோதனை முடிந்து கணினியை எடுத்துச் சென்றதும் அது பழைய நிலையை நோக்கி இறங்கியது. காரணம் ஊகிக்கக் கடினமானது அல்ல. படிவம் இருந்தவரை ஒரு கேள்வியும் விடுபடவில்லை. தான் சொன்னது சரியா தவறா என்பது ஒவ்வொரு நோயாளிக்கும் தெரியவந்தது. இரண்டும் நின்றபோது கவனமும் தளர்ந்தது.

இதன் பெரிய அளவிலான சோதனை 1986இல் வெளியானது. எட்டு மையங்கள், 250க்கும் மேற்பட்ட டாக்டர்கள், 16,737 நோயாளிகள். கணினி வருவதற்கு முந்தைய காலத்தையும் வந்ததற்குப் பிந்தைய காலத்தையும் ஒப்பிட்டார்கள். நோயாளியை முதலில் பார்த்த டாக்டரின் கணிப்பு 45.6 சதவீதத்திலிருந்து 65.3 சதவீதமாக உயர்ந்தது. தேவையில்லாமல் வயிற்றைத் திறப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. குடல்வால் அழற்சிக்காரர்களில் அது வெடித்துவிட்டவர்களின் பங்கு 23.7 சதவீதத்திலிருந்து 11.5 சதவீதத்துக்கு இறங்கியது. இறப்பு 22 சதவீதம் குறைந்தது.

வீண் அறுவை குறைந்தால் வெடித்த குடல்வால்கள் கூடும், வெடிப்பைத் தவிர்க்க முந்திக்கொண்டால் வீண் அறுவை கூடும் என்பதே அறுவைசிகிச்சையாளர்களின் நெடுநாள் அனுபவம். இங்கே இரண்டும் சேர்ந்து குறைந்திருக்கின்றன. சரியான ஆட்களைச் சரியான நேரத்தில் பிரித்தெடுத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. முடிவுத் துணை அமைப்பை இப்படித்தான் அளக்க வேண்டும். இயந்திரம் எத்தனை முறை சரியாகச் சொன்னது என்பதோடு நிறுத்தாமல், அதனால் யாருடைய முடிவு மாறியது, மாறிய முடிவால் யாருக்கு என்ன ஆனது என்பதுவரை போக வேண்டும்.

இந்த ஆய்வைக் குறைசொன்னவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. முன்-பின் ஒப்பீட்டில், கணினியின் பங்கு எவ்வளவு, படிவத்தின் பங்கு எவ்வளவு, நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. டி டோம்பல் குழுவே பின்னால் படிவத்தையும் கணினிவழிப் பயிற்சியையும் தனித்தனியே சோதித்தது. அவற்றாலும் இளம் டாக்டர்களின் கணிப்பு மேம்பட்டது. விமர்சகர்கள் இதைக் கணினியின் தோல்வி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. படிவம் கணினிக்காகப் பிறந்தது. கணினி கேட்டிராவிட்டால் அந்த ஒழுங்கை யாரும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

அதே 1986இல் ஆல்ஃபிரடோ அல்வராடோ என்ற மருத்துவர், பிலடெல்பியாவில் 305 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். எட்டுக் கேள்விகள், மொத்தம் பத்து மதிப்பெண். வலது அடிவயிற்றில் தொட்டால் வலி, இரத்தத்தில் வெள்ளணு மிகுதி ஆகிய இரண்டுக்கும் தலா இரண்டு, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று. கணினியே வேண்டாம், விரல்விட்டு எண்ணினால் போதும். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் அறுவைசிகிச்சை படிக்கிறவர்களுக்கும் அது நன்கு தெரிந்த முறை. லீட்ஸ் கணினி இன்று வழக்கத்தில் இல்லை. அல்வராடோவின் பத்து மதிப்பெண் இருக்கிறது. எளிமை எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

மருத்துவத்திலிருந்து நிர்வாகத்துக்கு இந்தச் சிந்தனை போன வழியும் சுவையானது. முடிவுத் துணை அமைப்பு என்ற பெயரை நிலைநாட்டியது, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அந்தோனி கோரியும் மைக்கேல் ஸ்காட் மார்ட்டனும் 1971இல் எழுதிய கட்டுரை. கோரி அதற்கு முன்பே நோயறிதலுக்கான கணினி நிரல்களில் உழைத்தவர். ஸ்காட் மார்ட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வில், துணி துவைக்கும் இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் விற்பனை, உற்பத்தி மேலாளர்களைத் திரைக்கு முன் உட்காரவைத்து, மாதத் திட்டத்தை அவர்கள் சேர்ந்து வகுப்பதை ஆராய்ந்தவர். சரக்கிருப்பு குறைந்தால் மீண்டும் எவ்வளவு வாங்குவது போன்ற முடிவுகளை விதியாக எழுதி இயந்திரத்திடமே விட்டுவிடலாம். புதிய துறையில் இறங்கலாமா என்பதை அப்படி விட முடியாது. இரண்டுக்கும் நடுவில், ஒரு பகுதியைக் கணக்கிட்டுச் சொல்லலாம், மறுபகுதியை மனிதர்தான் எடைபோட வேண்டும் என்ற வகை முடிவுகள் ஏராளம் என்று இருவரும் எழுதினார்கள். நள்ளிரவு வயிற்றுவலியும் அந்த நடு வகைதான். கடன் கேட்டு வரும் சிறு வணிகரும், எந்த ஊருக்கு முதலில் வெள்ள நிவாரணம் அனுப்புவது என்ற கேள்வியும் அதே வகை.

விடை சரியாக இருந்தும் பயன்படாமல் போனதற்கு மைசின் சான்று. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய அமைப்பு அது. இரத்தத் தொற்றுக்கும் மூளைச்சவ்வுத் தொற்றுக்கும் எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று நூற்றுக்கணக்கான விதிகளைக் கொண்டு சொல்லும். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால் காரணத்தையும் காட்டும். 1979இல் வெளிவந்த மதிப்பீட்டில் பத்து நோயாளிகளின் விவரங்களை வைத்து, யார் சொன்ன சிகிச்சை என்று தெரியாமல் எட்டு நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். மைசினுக்கு 65 சதவீதம் கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டின் பேராசிரியர்களுக்கு 42.5 முதல் 62.5 வரை. இருந்தும் அது ஒரு நாளும் வார்டில் வழக்கமாகப் பயன்படவில்லை. ஒரு நோயாளிக்கு அரைமணி நேரம் வரை உட்கார்ந்து கேள்விகளுக்கு விடை தட்ட வேண்டும். மருத்துவமனையின் பதிவுகளோடு அதற்குத் தொடர்பு இல்லை. வேலையின் ஓட்டத்துக்கு வெளியே நின்ற அமைப்பு, எவ்வளவு அறிவோடு பேசினாலும், கேட்க ஆளில்லாமல் போயிற்று.

இப்போது நிலைமை நேரெதிர். பதிவுகள் எல்லாம் கணினியில். எச்சரிக்கை தானாகவே திரையில் வந்து விழுகிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாக உள்ள எபிக் நிறுவனத்தின் மென்பொருளில், செப்சிஸ் என்னும் உயிர்கொல்லித் தொற்றுநிலையை முன்கூட்டிக் கணிக்கும் பகுதி ஒன்று இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனையின் 38,455 உள்நோயாளிச் சேர்க்கைகளில் அதைச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். உண்மையில் செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதத்தினரை அது தவறவிட்டது. அதே சமயம் மொத்தச் சேர்க்கைகளில் 18 சதவீதத்துக்கு எச்சரிக்கை எழுப்பியது. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதியதையும் அது தன் கணக்கில் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டது தெரியவந்தது. மருத்துவர் ஏற்கெனவே சந்தேகப்பட்டதை அவரிடமே திருப்பிச் சொன்னதாகத்தான் அது ஆகும். ஓரிடத்துப் பதிவுகளில் கற்றதை இன்னோரிடத்தில் சோதிக்காமல் நம்பக்கூடாது என்பதை லீட்ஸ் குழு எழுபதுகளிலேயே உணர்ந்திருந்தது. அதனால்தான் பல நாடுகளின் மருத்துவமனைகளில் ஒரே வரையறைகளோடு வயிற்றுவலிக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும், வாங்கிய மென்பொருளைத் தன் நோயாளிகள்மீது சோதித்துப் பார்ப்பது மருத்துவமனைகளின் வழக்கமாகவில்லை. இது எனக்கு வருத்தம் தருகிறது. பணிவோடு செய்ய வேண்டிய சிறிய வேலை அது. செய்யாததன் விலையைப் படுக்கையில் கிடப்பவர்கள் கொடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஓர் அமைப்பின் கதை இந்த வரிசையில் வருகிறது. விழித்திரைப் படத்தைப் பார்த்து, சர்க்கரை நோயால் கண் கெடத் தொடங்கியதா என்று சொல்லும் நிரலைக் கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். அதற்குக் கற்பித்த 1,28,175 படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் செய்த நேரடிச் சோதனையிலும் அது பயிற்சி பெற்ற கண்களுக்கு ஈடாக நின்றது.

பிறகு அது தாய்லாந்துக்குப் போனது. அங்கே அப்போது 45 லட்சம் சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரை நிபுணர்கள் சுமார் 200 பேர்தான் இருந்தார்கள். கிளினிக்கில் நர்ஸ் படமெடுத்து அனுப்பினால் நிபுணரின் பதில் வரப் பத்து வாரம்கூட ஆனது. இயந்திரம் பத்து நிமிடத்துக்குள் சொல்லும். பதும் தானி, சியங்மாய் மாகாணங்களில் பதினொரு கிளினிக்குகளுக்குப் போய், நர்ஸ்களின் பக்கத்திலிருந்து பார்த்த ஆய்வாளர்கள் 2020இல் எழுதியதை முழுவதும் படிக்கலாம். முதல் ஆறு மாதத்தில் 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதவில்லை என்று இயந்திரம் ஏற்கவில்லை. சில கிளினிக்குகளில் இருட்டறை இல்லை. விளக்கை அணைக்காமல் எடுத்த படம் மங்கலாக வந்தது. மனிதக் கண் படித்துவிடக்கூடிய படங்களும் அதில் இருந்தன. ஓர் ஓரம் மங்கியதற்காக முழுப் படமும் தள்ளப்பட்டது. இணையம் மெதுவாக இருந்த இடங்களில் படம் ஏறுவதற்கே நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள்.

படம் ஏற்கப்படாவிட்டால் நோயாளியைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது சோதனையின் விதி. பார்வையைக் காக்க எழுதிய விதி அது. ஆனால் மருத்துவமனை தொலைவில். போய்வர ஒரு நாள் கூலி போகும். கண்ணில் கோளாறு இல்லாவிட்டாலும் போயே ஆக வேண்டும். சில நர்ஸ்கள் இதை முன்கூட்டியே யோசித்து, சோதனையில் சேர வேண்டாம் என்று நோயாளிகளிடம் சொல்லத் தொடங்கினார்கள். தங்கள் ஊர்க்காரரின் ஒரு நாள் அலைச்சலை எடைபோட்டு அவர்கள் எடுத்த முடிவு அது; நிரலின் கணக்கில் அந்த எடைக்கு இடமே இல்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டு ஆய்வாளர்கள் விதியை மாற்றினார்கள்: இயந்திரம் ஏற்காத படங்களை, நோயாளியின் பழைய பதிவுகளோடு சேர்த்து, ஒரு கண் நிபுணர் முதலில் பார்ப்பார், அவர் சொன்னால் மட்டும் நோயாளி பயணம் போவார்.